பதினோராவது நாற்காலியில் உட்கார்வது எப்படி?

மாண்புமிகு திமோர்-லெஸ்தே வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

வாழ்த்துகள். 2011 மார்ச்சில் உங்கள் நாடு போட்ட விண்ணப்பத்துக்கு 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் பதில் கிடைத்துவிட்டது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் நீங்கள் பதினோராவது உறுப்பினர். பிரதமர் சனானா குஸ்மாவோ மேடையிலேயே கண் கலங்கினார். அந்த உணர்ச்சி அன்றோடு சரி. இனிமேல் ஒரு பிராந்தியக் கூட்டணியின் உறுப்பினராக வெளியுறவுக் கொள்கை நடத்தியாக வேண்டும். அதற்குச் சட்டப் புத்தகம் உண்டு. 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனத்தை உங்கள் அதிகாரிகள் கரைத்துக் குடித்திருப்பார்கள். அதில் எழுதாமல் விட்டவற்றைச் சொல்லத்தான் இந்தக் கையேடு.

முதலில் கைகளைக் கவனியுங்கள். குழுப்படம் எடுக்கும்போது வலக்கையை இடக்கையின் மேல் குறுக்காகப் போட்டு, வலக்கையால் இடப்பக்கத்தாரின் கையையும் இடக்கையால் வலப்பக்கத்தாரின் கையையும் பிடிக்க வேண்டும். 2017-ல் மணிலாவில் டொனால்ட் டிரம்ப் இதைச் செய்யத் தெரியாமல் இரண்டு கைகளையும் ஒரே பக்கம் நீட்டித் தடுமாறியதை உலகமே பார்த்தது. நீங்கள் கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளுங்கள். அடுத்து சட்டை. நடத்தும் நாடு தருவதைப் போட்டுக்கொள்ள வேண்டும், நிறம் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. பாடவும் தெரிந்திருந்தால் நல்லது. 1997-ல் இதே கோலாலம்பூரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், எவிடா இசைநாடகப் பாட்டு ஒன்றின் வரிகளை ஆசியானுக்காக மாற்றி விருந்தில் பாடிக் கைதட்டல் வாங்கினார். அந்த ஆண்டின் தீர்மானங்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன என்று தெரியவில்லை. பாட்டு நினைவிருக்கிறது.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்த அமைப்பே கோல்ஃப் மைதானத்தில் பிறந்தது. 1967 ஆகஸ்டில் பாங்காக்கின் தென்கிழக்கே பாங் சேன் கடற்கரையில் ஐந்து நாட்டு அமைச்சர்கள் பந்தடித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். அவர்களில் சிங்கப்பூருக்காக வந்தவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். அதற்கு ஓராண்டுக்கு முன்புவரை இந்தோனேசியா மலேசியாவுடன் ஆயுத மோதலில் இருந்தது. பிலிப்பைன்ஸ் சபா மாநிலத்தைத் தனது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து வெளியேறி இரண்டே ஆண்டுகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க, “உன் வீட்டுக்குள் நான் எட்டிப் பார்க்க மாட்டேன், என் வீட்டுக்குள் நீ எட்டிப் பார்க்காதே” என்பதைத் தவிர வேறு நிபந்தனை அன்று பலித்திருக்காது. உள்விவகாரங்களில் தலையிடாமை என்று சாசனம் சொல்வதன் பிறப்பு இதுதான். அதைக் கேலி செய்வது சுலபம். இந்தக் கையேடும் செய்யத்தான் போகிறது. ஆனால் அது எதற்காக வந்தது என்பதையும் ஒரு முறை சொல்லிவிடுவது நியாயம்.

கட்டணமும் கூட்டமும்

ஜகார்த்தாவில் உள்ள செயலகத்தின் செலவை எல்லா உறுப்பினர்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒற்றை அறை வீட்டுக்காரரும் மேல்மாடி முழுவதையும் வைத்திருப்பவரும் ஒரே மெயின்டனன்ஸ் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பு இது. சிங்கப்பூர் கட்டுவதையே லாவோஸும் கட்டுகிறது, இனி நீங்களும் கட்டுவீர்கள். யாரும் அதிகம் கட்டாததால் யாரும் அதட்ட முடியாது என்பது இதன் நல்ல பக்கம். ஏழை உறுப்பினரால் எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்குத்தான் செயலகம் வளர முடியும் என்பது மறுபக்கம். அந்தச் செயலகத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸோடு ஒப்பிட்டு எவரேனும் பேசினால், புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள். உங்கள் நாட்டின் மக்கள்தொகை சுமார் 14 லட்சம். உங்கள் ஆட்சிமொழிகள் தெதுமும் போர்த்துகீசியமும். அமைப்பின் வேலைமொழி ஆங்கிலம். ஆகவே ஆங்கிலம் தெரிந்த இளைஞர்களை உடனடியாகத் திரட்டுங்கள். அவர்கள் கடவுச்சீட்டில் பக்கங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

உங்கள் கொள்கை பத்திரமாக இருக்கிறது

கூட்டணியில் சேர்ந்தால் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை போய்விடுமோ என்று உங்கள் தலைநகர் டிலியில் சிலர் கவலைப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு சின்னச் சுற்றுலா ஏற்பாடு செய்யுங்கள். முதலில் பிலிப்பைன்ஸ்: 1951 முதல் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடு, அமெரிக்கப் படைகள் வந்து பயன்படுத்த ஒன்பது தளங்களைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கிருந்து கம்போடியா: சீனப் பணத்தில் புதுப்பித்த ரியாம் கடற்படைத் தளம். பிறகு இந்தோனேசியா: 2025 ஜனவரியில் பிரிக்ஸ் அமைப்பில் சேர்ந்தாயிற்று. மூன்று நாடுகளும் ஒரே குழுப்படத்தில் கைகோத்து நிற்கின்றன. கூட்டணி இவர்களில் எவரையும் எதையும் கேட்டதில்லை.

ஐ.நா. வாக்கெடுப்பிலும் இதே கதைதான். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. ஆசியானில் வியட்நாமும் லாவோஸும் வாக்களிக்காமல் விலகின, மற்றவர்கள் ஆதரித்தார்கள். சிங்கப்பூர் ஒரு படி மேலே போய் ரஷ்யா மீது தடைகளே விதித்தது. ஆசியானில் அப்படிச் செய்த ஒரே நாடு அதுதான். 2021 ஜூனில் மியான்மருக்கு ஆயுதம் போவதைத் தடுக்கச் சொன்ன தீர்மானத்தின்போது இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், வியட்நாம் ஆதரித்தன. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், புரூணை விலகிக்கொண்டன. தங்கள் உறுப்பினர் ஒருவரைப் பற்றிய வாக்கெடுப்பிலேயே இப்படி.

ஆகவே டிலியில் கவலைப்படுகிறவர்களிடம் சொல்லுங்கள்: கூட்டணி உங்கள் செயலைக் கட்டிப்போடுவதில்லை. அது கேட்பதெல்லாம் உங்கள் பேச்சை. அதுவும் முழுப் பேச்சை அல்ல, மற்ற பத்து பேரைப் பற்றிய பேச்சை மட்டும்.

வேண்டாம் என்று சொல்வதன் சுகம்

கட்டும் சந்தாவுக்குப் பதிலாக உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான சொத்து ஒன்று உண்டு. எல்லா முடிவும் கலந்தாலோசித்து, ஒருமித்த கருத்தில்தான் எடுக்கப்படும். கருத்து ஒன்றுபடாவிட்டால் எப்படி முடிவெடுப்பது என்று உச்சி மாநாடு முடிவு செய்யும் என்கிறது சாசனத்தின் 20-ஆம் பிரிவு. உச்சி மாநாடும் ஒருமித்த கருத்தில்தான் நடக்கிறது. இதை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இதன் வலிமை தெரிய வேண்டுமென்றால் 2012 ஜூலை புனோம்பென் கூட்டத்தைப் படியுங்கள். தலைமை கம்போடியா. அந்த ஏப்ரலில் தொடங்கி தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸ் கப்பல்களும் சீனக் கப்பல்களும் முறைத்துக்கொண்டு நின்றிருந்தன. அதைக் கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்றது மணிலா. தன் கடல் எல்லைக்குள் சீனா நுழைவதையும் சேர்க்க வேண்டும் என்றது வியட்நாம். இவை இருதரப்புத் தகராறுகள், கூட்டறிக்கையில் இடமில்லை என்றார் தலைமை வகித்த கம்போடிய அமைச்சர் ஹோர் நம்ஹோங். வரைவுகள் மாறி மாறி வந்தன. பிலிப்பைன்ஸ் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தபோதே மைக் செத்துப்போனதாகச் செய்திகள் வந்தன. இறுதியில் அறிக்கையே வரவில்லை. அமைப்பு தொடங்கிய 45 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நடலகாவா தலைநகரம் தலைநகரமாகப் பறந்து, சில நாளில் ஆறு பொதுக் கொள்கைகள் அடங்கிய ஒரு தாளைத் தேற்றிக் கொண்டுவந்தார். அந்த ஆறில் ஸ்கார்பரோ என்ற பெயர் இல்லை.

அமைச்சர் அவர்களே, இங்கே உங்களுக்கென்று தனிக் குறிப்பு. பெரிய நாடு ஒன்று ஆசியான் முழுவதையும் வளைக்க வேண்டியதில்லை. ஒருமித்த கருத்து வேண்டிய இடத்தில் ஒரே ஒரு உறுப்பினர் போதும். பதினொருவரில் யார் இளகிய மனம் படைத்தவர் என்று அவர்கள் தேடும்போது, புதிதாக வந்தவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். டிலியில் உங்கள் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தது சீனா. ஜனாதிபதி மாளிகையும் அவர்கள் கைவண்ணமே. 2023-ல் அவர்களுடன் உறவை ஒரு படி உயர்த்தி ஒப்பந்தமும் செய்துகொண்டீர்கள். வாடகை கேட்டு யாரும் வரவில்லை என்பதால் வாடகையே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடல் சட்டத்தால் அதிகம் பிழைத்த நாடுகளில் உங்களுடையதும் ஒன்று. ஆஸ்திரேலியாவுடன் கடல் எல்லை தீராமல் இழுத்தபோது, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கட்டாயச் சமரச முறையை உலகிலேயே முதலில் பயன்படுத்தியவர்கள் நீங்கள். 2018 மார்ச்சில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகவே தென்சீனக் கடல் பேச்சு வரும்போது, சட்டத்தால் என்ன பலன் என்று எவராவது கேட்டால், சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடியவர் அந்த மேசையில் நீங்கள். சொல்வீர்களா? பழைய உறுப்பினர்களின் பழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ஜூலை 12 அன்று தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் மன்றம் சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டு வாரத்துக்குள் வியன்டியானில் கூடிய அமைச்சர்களின் கூட்டறிக்கையில் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. “சில அமைச்சர்கள் தெரிவித்த கவலைகள்” என்ற வகைச் சொல்லாட்சியே அங்கே நிரந்தரக் குடியிருப்பு பெற்றது. யார் அந்தச் சிலர் என்று எழுதும் வழக்கம் இல்லை.

வெளியார் வந்து கதவைத் தட்டினால்

ஒன்றாக நிற்பதாக அறிவியுங்கள், தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரி அறிவித்தபோது கம்போடியாவுக்கு 49 சதவீதம், வியட்நாமுக்கு 46, சிங்கப்பூருக்கு 10. பதிலடி கொடுக்க மாட்டோம் என்று பொருளாதார அமைச்சர்கள் சேர்ந்து சொன்னார்கள். அதற்கு முன்பே வியட்நாமின் தோ லாம் டிரம்புக்குத் தொலைபேசியில் பேசியாயிற்று. பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பேரம் பேசி, பலர் 19-க்கும், வியட்நாம் 20-க்கும் இறங்கினார்கள். நீங்கள் உறுப்பினரான அதே நாளில், அதே நகரத்தில், மலேசியாவும் கம்போடியாவும் வாஷிங்டனுடன் தனித்தனி ஒப்பந்தம் போட்டன. உங்கள் கைதட்டல் சத்தத்தில் பேனா கீறும் சத்தம் கேட்காமல் போயிருக்கலாம்.

உறுப்பினர்களுக்குள்ளேயே சண்டை என்றால் தொலைபேசியில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2025 ஜூனில் தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தான் ஷினவத்ரா, கம்போடியாவின் ஹுன் சென்னை ‘அங்கிள்’ என்று அழைத்து எல்லைத் தகராறு பேசினார், தன் ராணுவத் தளபதி ஒருவரையும் குறைசொன்னார். அங்கிள் பதிவு செய்து வைத்திருந்தார். உரையாடல் வெளியே வந்தது. ஜூலையில் எல்லையில் ஐந்து நாள் பீரங்கிச் சண்டை. ஆகஸ்டில் நீதிமன்றம் பிரதமரைப் பதவியிலிருந்து இறக்கியது. தலைமை வகித்த மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் இரு தரப்பையும் புத்ராஜெயாவுக்கு வரவழைத்துச் சண்டையை நிறுத்தினார், அக்டோபரில் டிரம்ப் முன்னிலையில் கையெழுத்தும் ஆனது. டிசம்பரில் மறுபடி வெடித்தது. சகோதரத்துவம் பற்றிய உரைகளை எழுதி வையுங்கள், ஆனால் யாரையும் உறவுமுறை சொல்லி அழைக்காதீர்கள்.

உள்விவகாரம்

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் இந்தப் பாடத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர முடியாது. நீங்களே அந்தப் பாடம்.

1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. சில நாளில் அதற்கு எதிராக ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது ஆசியானில் சிங்கப்பூர் மட்டும் வாக்களிக்காமல் விலகியது. அந்த விலகலுக்கே ஜகார்த்தா வெகுண்டது. மற்றவர்கள் ஜகார்த்தா பக்கம் நின்றார்கள். பிற்பாடு சிங்கப்பூரும் வரிசையில் சேர்ந்துகொண்டது. அப்போது நியூயார்க் தாழ்வாரங்களில் 25 வயதில் அலைந்த ஜோசே ராமோஸ் ஹோர்தாதான் இன்று உங்கள் ஜனாதிபதி. 1994-ல் மணிலாவில் கிழக்குத் திமோர் பற்றி மாநாடு நடத்தப் பார்த்தார்கள். இந்தோனேசியாவின் நெருக்குதலில் வெளிநாட்டினர் வருவதற்கு பிலிப்பைன்ஸ் அரசு தடை போட்டது. 1996 நவம்பரில் கோலாலம்பூரில் கூடியபோது ஆளுங்கட்சி இளைஞர் அணியினர் புகுந்து கூட்டத்தைக் கலைத்தார்கள். போலீஸ் வந்து, கூட்டத்துக்கு வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. உங்கள் பெயரை உச்சரித்ததற்காகக் கைது நடந்த அதே ஊரில்தான் 29 ஆண்டுகள் கழித்து உங்களுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள்.

ஆசியானால் உரக்கப் பேசவே முடியாது என்றும் எண்ண வேண்டாம். 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்து, அடுத்த மாதமே கெமர் ரூஜ் ஆட்சியைக் கவிழ்த்தபோது, அதை எதிர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள், 1991 பாரிஸ் ஒப்பந்தம்வரை, உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே குரலில் முழங்கின. ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை கெமர் ரூஜ் தரப்பின் கையிலிருந்து போகாமல் பார்த்துக்கொண்டார்கள். யாருக்காகப் பேசினார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைப் புரட்டும், ஆனால் ராஜதந்திரத்தில் அவ்வளவு ஒற்றுமை அதற்குப் பிறகு வரவில்லை. அன்று வியட்நாமும் கம்போடியாவும் உறுப்பினர்கள் அல்ல. வெளியில் நடப்பதற்குத் தொண்டை திறக்கும், உள்ளே நடப்பதற்கு அடைத்துக்கொள்ளும்.

இப்போது உள்ளே இருப்பது மியான்மர். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் அந்த ராணுவத்தின் தலைவர் மின் ஆங் ஹ்லைங்கை ஜகார்த்தாவுக்கே அழைத்து ஐந்து அம்ச இணக்கம் கண்டார்கள். வன்முறையை நிறுத்துவது அதில் முதல் அம்சம். ஊர் திரும்பிய கையோடு, நாட்டில் நிலைமை சீரானதும் அவற்றைப் பரிசீலிக்கலாம் என்று ராணுவம் அறிவித்தது. அந்த அக்டோபர் முதல் உச்சி மாநாட்டில் அவருக்கு நாற்காலி இல்லை. 2026-ல் மியான்மருக்கு வரவேண்டிய தலைமையும் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. ஆசியான் அளவில் இது கடுங்கோபம். உறுப்பினரை நீக்குவதற்குச் சாசனத்தில் வழி கிடையாது.

நீங்கள் வெளியே இருந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டீர்கள். 2023 ஜூலையில் சனானா பதவியேற்றபோது மியான்மர் ராணுவத்தை எதிர்க்கும் மாற்று அரசின் வெளியுறவு அமைச்சரை டிலிக்கு அழைத்தீர்கள். ஆகஸ்டில் ராணுவ ஆட்சி உங்கள் தூதரகப் பொறுப்பாளரை வெளியேற்றியது. மியான்மர் விஷயத்தில் ஆசியானால் எதுவும் செய்ய முடியாதென்றால் அதில் சேரவே மாட்டோம் என்றுகூட உங்கள் பிரதமர் சொன்னார். பிறகு சேர்ந்தீர்கள். அதில் தவறில்லை. மூன்று பக்கமும் கடலும் நான்காம் பக்கம் இந்தோனேசியாவுமாக இருக்கும் சின்ன நாட்டுக்குச் சந்தையும் முதலீடும் வேண்டும், தனியாக நிற்பதற்கு ஆகும் செலவு உங்களைவிட வேறு யாருக்கும் அதிகமாகத் தெரியாது.

ஆனால் அடுத்த கூட்டத்தில் யாராவது மியான்மரைப் பற்றிப் பேச்செடுத்ததும், பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் காதோரம் குனிந்து, அது அவர்கள் உள்விவகாரம் என்பார். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் உங்கள் மக்களில் 78.5 சதவீதத்தினர் விடுதலைக்கு வாக்களிக்கும்வரை, 24 ஆண்டுகள் உங்களைப் பற்றி உலகத்துக்குச் சொல்லப்பட்ட பதிலும் அதுதான். தலையாட்டுவதற்கு முன்னால் அதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

அமைப்பின் தலைமை ஆங்கில அகரவரிசையில் சுற்றி வருகிறது. 2026-ல் பிலிப்பைன்ஸ், அடுத்து சிங்கப்பூர், அடுத்து தாய்லாந்து, அதற்கடுத்து நீங்கள். வரிசை குலையாமல் போனால் 2029. ஹோட்டல் அறைகள், மொழிபெயர்ப்பாளர்கள், சட்டைக்கான துணி எல்லாவற்றுக்கும் இப்போதே ஆள் போடுங்கள். உங்கள் தாய்ஸ் நெசவு படத்தில் அழகாக விழும். கூட்டறிக்கையின் முதல் வரைவை எழுதுவது தலைமை வகிக்கும் நாடு. மற்றப் பத்திகளை அதிகாரிகளிடம் விட்டுவிடலாம். மியான்மர் பற்றிய பத்தியை மட்டும் தயவுசெய்து நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.